ஏரி தூர்வாரும் குழுவில் யாருக்கு எந்தப் பொறுப்பு: திட்டமிடும்போதே எழுதிவைக்க வேண்டியவை

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஊர் ஏரியைத் தூர்வார ஏறக்குறைய இருபது பேர் சேர்ந்து குழு அமைத்திருக்கிறீர்கள். தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், ஆலோசகர்கள் என்று பதவிகளும் போட்டாயிற்று. செலவின் பெரும்பகுதியை ஏற்க முன்வந்துள்ள ஒரு நிறுவனம், ஒப்புதல் தருவதற்கு முன் ‘யார் எதற்குப் பொறுப்பு’ என்று ஒரு தாளைக் கேட்கிறது. பதவிகளை வரிசையாக எழுதி, எதிரே பெயர்களைப் போட்டு அனுப்பினால் போதுமா என்பது கேள்வி.

போதாது. நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் வேலை தொடங்கிய பின் அந்தத் தாளை எடுத்துப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது. இயந்திரக்காரர் இன்னும் ஓர் அடி தோண்டலாமா என்று கேட்கும்போது, ‘துணைத்தலைவர்’ என்ற சொல்லில் அதற்கு விடை இல்லை. ஆகவே பதவிகளை ஓரமாக வைத்துவிட்டு, இந்த வேலையில் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை எழப்போகும் முடிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு முடிவையும் ஒரு கேள்வியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு பெயரை மட்டும் எழுத முயலுங்கள். பெயர் எழுத முடியாமல் தடுமாறும் இடங்கள்தாம் பின்னாளில் சண்டை வரப்போகும் இடங்கள். அவற்றை வேலைக்கு முன்பே கண்டுபிடிப்பதற்காகத்தான் இந்தத் தாள்.

ஏரி வேலையில் அப்படி எழக்கூடிய கேள்விகள் பல. எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழம் தோண்டுவது? எடுத்த மண்ணில் எது கரைக்கு, எது வயலுக்கு? வண்டல் கேட்கும் உழவர்களில் யாருக்கு முதலில்? ஏரிக்குள் வளர்ந்துள்ள சீமைக்கருவேலத்தை வெட்டி விற்கும் உரிமை யாருடையது? மீன் குத்தகை எடுத்தவரின் காலம் முடியாமல் இருந்தால் மிச்சத் தண்ணீரை எப்போது வடிப்பது? மதகைப் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா? ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வேறு ஊராட்சியின் எல்லைக்குள் போனால் அங்கே யாரிடம் பேசுவது? இயந்திரத்தை மணிக்கணக்கில் பேசுவதா, மண் கணக்கில் பேசுவதா? மழை முன்கூட்டியே வந்தால் வேலையை எங்கே நிறுத்துவது? நடுத்தர அளவுள்ள ஏரிக்கே இப்படி முப்பது, நாற்பது கேள்விகள் எளிதில் சேர்ந்துவிடும். ஒரு மாலை முழுவதும் குழுவாக உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் போடுங்கள்; அன்று பெயர்களைப் பேச வேண்டாம்.

பெயர்களுக்குப் போகுமுன், இவற்றில் எவை உங்கள் குழுவின் கையில் இல்லாதவை என்று பிரித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீரால் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. உங்களுடையது எதில் சேரும் என்பதைப் பொறுத்து, அனுமதிக்காக நீங்கள் போய் நிற்க வேண்டியது உதவிப் பொறியாளரிடமா வட்டார வளர்ச்சி அலுவலரிடமா என்பது மாறும். வண்டல் மண் எடுப்பது 1959ஆம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகளின் கீழ் வருகிறது. வேளாண்மைக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுக்கலாம் என்றாலும் அனுமதி இல்லாமல் எடுக்க முடியாது. இந்த அலுவலர்கள் உங்கள் தாளில் இடம்பெற வேண்டும். ஆனால் ‘பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் அவர்களுடைய பெயரை எழுதக் கூடாது. அவர்களுக்கு வேலை ஒதுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ‘அனுமதி தர வேண்டியவர்’ என்று அலுவலரின் பதவியை எழுதி, அதன் அருகே அந்த அலுவலகத்தோடு பேசுவதற்கென்று குழுவில் ஒருவரை, ஒருவரை மட்டும், குறியுங்கள். மூன்று பேர் தனித்தனியாகப் போய் ஒரே அலுவலரிடம் மூன்று விதமாகச் சொல்லிவிட்டு வந்தால், கோப்பு நகராமல் நிற்பதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஆக்கிரமிப்பு பற்றித் தனியாக ஒரு சொல். ஏரியின் உள்வாயில், அதாவது நீர் பரவி நிற்க வேண்டிய பகுதியில், பயிர் செய்பவர்களையும் வீடு கட்டியிருப்பவர்களையும் அகற்றுவதை ஒரு ‘பொறுப்பு’ என்று எழுதி, துடிப்பான இளைஞர் ஒருவரின் தலையில் கட்டும் குழுக்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம், எல்லையை அளப்பது, அறிவிப்புக் கொடுப்பது, அகற்றுவது ஆகிய எல்லாவற்றையும் அரசு அலுவலர்களிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. குழுவின் வேலை, நில அளவை செய்து தரும்படி மனுக் கொடுத்து, அதைப் பின்தொடர்வது மட்டுமே. ஆக்கிரமித்தவரும் அகற்றச் சொல்பவரும் பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவே இருக்கும் ஊரில், இந்த எல்லையைத் தாளிலேயே எழுதிவைப்பது அந்த இளைஞருக்கும் பாதுகாப்பு.

இனி உங்கள் கையில் உள்ளவற்றில் மிக முக்கியமானது ஆழம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுப்பு வரையறையின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. பணம் தருபவருக்கு அதிக மண் எடுத்ததாகக் காட்ட விருப்பம் இருக்கும். வண்டல் கேட்ட உழவருக்கும் அப்படித்தான். இயந்திர உரிமையாளருக்கு மணிக்கணக்கில் கூலி என்றால் அவரும் நிறுத்தச் சொல்லப் போவதில்லை. ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிச் சேர்க்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. கால்நடைக்கும் மீனுக்கும் நிலத்தடி நீருக்கும் அது உதவலாம், ஆயக்கட்டுக்கு உதவாது. வண்டலுக்கு அடியில் நீரைத் தாங்கும் களிமண் அடுக்கைக் கிழித்து மணல் அடுக்குவரை போய்விட்டால், ஏரி நீரைப் பிடித்துவைக்கும் திறனையே இழக்கலாம். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். ஆக, ஆழம் என்பது எல்லோரும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று சொல்லக்கூடிய, யாரோ ஒருவர் ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய முடிவு.

அந்த ஒருவர் யார்? தலைவர் என்று எழுதுவதுதான் வழக்கம். என் கருத்து வேறு. ஆழத்தையும் கரையிலிருந்து விட வேண்டிய தூரத்தையும் துறையின் பொறியாளர் ஒப்புதல் தந்த வரைபடப்படி குழுவின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவைத் தலைவர்கூட மாற்ற முடியாது என்றும் எழுத வேண்டும். தலைவருக்கு ஊரில் எல்லோரும் வேண்டியவர்கள். நெருக்குதல் அவர்மீதுதான் முதலில் விழும். ‘அது என் கையில் இல்லை, தாளில் இருக்கிறது’ என்று சொல்லும் வசதியை அவருக்குக் கொடுப்பது நீங்கள் அவருக்குச் செய்யும் பெரிய உதவி. அதே சமயம், வண்டலின் தடிமன் எந்த இடத்தில் எவ்வளவு, எந்த மதகு கசிகிறது, எந்தக் கண்ணாறு (வயலுக்கு நீர் கொண்டுபோகும் சிறு வாய்க்கால்) மேட்டில் இருக்கிறது என்பது, மதகைத் திறந்து மூடி வயல்களுக்கு நீரைப் பங்கிடும் நீர்க்கட்டிக்குப் பொறியாளரைவிட நன்றாகத் தெரியும். பல ஊர்களில் அவரைத் திறப்பு விழாவில் துண்டு போர்த்துவதற்கு மட்டும் அழைக்கிறார்கள். ‘மதகு, கண்ணாறு தொடர்பான எந்த முடிவுக்கு முன்பும் நீர்க்கட்டியிடம் கேட்டு, அவர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்’ என்ற ஒரு வரி உங்கள் தாளில் இருக்கட்டும். அவர் சொன்னபடிதான் செய்ய வேண்டும் என்பதில்லை. கேட்காமல் செய்யக் கூடாது.

அடுத்தது, இரண்டு பொறுப்புகள் சந்திக்கும் இடம். தனித்தனியே பார்த்தால் எல்லோரும் தத்தம் வேலையைச் செய்திருப்பார்கள். ஆனால் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது ஏதோ ஒன்று நழுவியிருக்கும். இதற்கு ஊரளவிலேயே ஓர் உதாரணம் உண்டு: மண்ணின் அளவு. பொறியாளரின் மதிப்பீடு கன மீட்டரில் இருக்கும். மண் வணிகத்தில் பழகியவர்கள் யூனிட்டில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். டிப்பர் ஓட்டுநருக்குக் கணக்கு நடைதான். போதாக்குறைக்கு, வெட்டி எடுத்த மண் உதிர்ந்து அதிக இடத்தை அடைக்கும் என்பதால், குழியை அளந்து கிடைக்கும் கணக்கும் டிப்பரில் ஏறிய மண்ணின் கணக்கும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது. 10,000 கன மீட்டர் என்று அனுமதி வாங்கிய குழு, அதை யூனிட் என்று நினைத்துக்கொண்ட ஒருவரிடம் மேற்பார்வையை ஒப்படைத்தால், அனுமதித்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு தோண்டிய பிறகுதான் விஷயம் வெளியே வரும்.

சிறிய ஊர்க் குழுக்களுக்கு மட்டும் நேரும் குழப்பம் இது என்று நினைக்க வேண்டாம். 1998 டிசம்பரில் அமெரிக்காவின் நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம், 1999 செப்டம்பர் 23 அன்று கோளைச் சுற்றத் தொடங்கும் நேரத்தில் தொலைந்துபோனது. விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் தரைநிலைய மென்பொருள், உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதை வாங்கிப் பாதையைக் கணித்த, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் குழு, அது நியூட்டன் அலகில் இருப்பதாக எடுத்துக்கொண்டது. வேறுபாடு சுமார் 4.45 மடங்கு. நாம் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த செய்தி: மெட்ரிக் அலகில்தான் தர வேண்டும் என்று இரு தரப்புக்கும் இடையிலான ஆவணத்தில் எழுதப்பட்டே இருந்தது. அப்படித்தான் வருகிறதா என்று முனைக்கு முனை சரிபார்க்கும் வேலைதான் ஒழுங்காக நடக்கவில்லை. கணக்கு சரியாக இல்லை என்று சிலருக்கு ஐயம் எழுந்திருந்தது. அதுவும் முறையாகப் பதிவாகி முடிவெடுப்பவரின் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. கொடுப்பவர், வாங்குபவர் என்று இருவரை மட்டும் எழுதினால் போதாது. கை மாறும்போது சரிபார்ப்பவர் யார், ஐயம் வந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் எழுத வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. உங்கள் தாளில் இதற்கு ஈடாக எழுத வேண்டியது எளிது: எல்லாக் கணக்கும் கன மீட்டரில், குழியை அளந்த அளவில், வாரம் ஒரு முறை அளவுப் புத்தகத்தையும் நடைக் கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் இன்னார்.

பணத்துக்கு வருவோம். முதலில் ஒரு சட்ட நுணுக்கம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து பணம் வருகிறது என்றால், அதைப் பெற்றுச் செலவிடும் அமைப்பு மத்திய அரசிடம் அதற்கெனப் பதிவு செய்திருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். உங்கள் குழு பதிவு பெறாததாக இருந்தால், பதிவுள்ள ஓர் அறக்கட்டளை வழியாகத்தான் பணம் வரும். அப்படியானால் கணக்குக்குச் சட்டப்படி பொறுப்பு அந்த அறக்கட்டளையே. உங்கள் பொருளாளர் அல்லர். இந்த இடத்தில் பெரும்பாலும் இரு தரப்பும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுகின்றன. யார் ரசீது வைத்திருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் அறக்கட்டளைக்கு அனுப்ப வேண்டும், பயன்பாட்டுச் சான்றைத் தயாரிப்பவர் யார் என்று இரு அமைப்புகளுக்கும் இடையே தனியாக ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

குழுவுக்குள் பண விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. வேலையைச் சொல்பவர், வேலையை அளப்பவர், பணம் கொடுப்பவர் ஆகிய மூவரும் மூன்று வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். முடிந்தால் மூன்று வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக. இது யாரையும் சந்தேகிப்பதற்காக அல்ல. ஒருவரே மூன்றையும் செய்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அதை நிரூபிக்க அவரிடம் எதுவும் இருக்காது. ஊர்ப் பொதுக்காரியத்தில் கணக்கைப் பற்றிய கவலை நமக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்று ஏரிக்கே தனிக் குழுவையும், வாரியத்தாருக்கு 360 நாள் பதவிக்காலத்தையும் சொல்கின்றன. முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர்களோடு அவர்களுடைய நெருங்கிய உறவினர்களையும் சேர்த்தே தகுதியில்லாதவர்களாக்குகின்றன. குடவோலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்த விதியைப் பற்றி நாம் பேசுவதில்லை.

திட்ட மேலாண்மை படித்தவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், ‘ரேசி அட்டவணை’ என்று ஒன்றைக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே செய்பவர், பதில் சொல்ல வேண்டியவர், ஆலோசனை கேட்கப்பட வேண்டியவர், தகவல் தெரிவிக்கப்பட வேண்டியவர் என்று நான்கு விதமாகப் பெயர்களைக் குறிப்பது அது. கருவி நல்லதுதான், அதில் உயிரான பகுதி இரண்டாவது கட்டம். செய்பவர்கள் நான்கு பேர் இருக்கலாம், பதில் சொல்ல வேண்டியவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ‘குழு’ என்றோ, இரண்டு பெயர்களை ‘மற்றும்’ போட்டோ எழுதினால் அட்டவணை போட்டதற்கே பொருளில்லை. நான்காவது கட்டத்தை உங்களைப் போன்ற குழு விட்டுவிடலாம். ஊரில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். மூன்றாவதில் கை இறுக்கமாக இருங்கள். மரியாதைக்காக ஊர்ப் பெரியவர்கள் அனைவரையும் ஆலோசனைக் கட்டத்தில் சேர்த்துவிட்டால், ஒரு மதகுக் கதவு வாங்குவதற்கு ஒன்பது வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும். மரியாதையைக் காட்ட வேறு வழிகள் இருக்கின்றன.

ஆலோசனை கேட்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் வழக்கமாக விடுபட்டுப்போகிறவர்களை நினைவுபடுத்துகிறேன்: கடைமடை உழவர்கள், ஏரிக்குள் ஆடுமாடு மேய்ப்பவர்கள், மீன் குத்தகைக்காரர், துணி துவைக்கவும் தண்ணீருக்கும் ஏரிக்கு வரும் பெண்கள். ஆழமாகவும் செங்குத்தாகவும் தோண்டிவிட்ட குழியில் மாடு இறங்கி ஏற முடியாது என்பது முதலில் இவர்களுக்குத்தான் தோன்றும். சரிவு எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு முன் இவர்களில் இரண்டு பேரிடமாவது கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒருவருடைய பொறுப்பை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். ‘அளவுப் பொறுப்பாளர்’ என்ற தலைப்பின் கீழ் இப்படி எழுதலாம்: “தோண்டத் தொடங்குவதற்கு முன்பும், வேலை நடக்கும்போது வாரம் ஒரு முறையும், முடிந்த பின்னும், பொறியாளர் குறித்துக் கொடுத்த இடங்களில் ஏரிப் படுகையின் மட்டத்தை அளந்து, அளவுப் புத்தகத்தில் கன மீட்டரில் பதிவு செய்வார். இவர் கையொப்பம் இல்லாத அளவுக்குப் பணம் வழங்கப்பட மாட்டாது. எந்த இடத்திலாவது அனுமதித்த ஆழம் எட்டப்பட்டால் அங்கே இயந்திரத்தை நிறுத்தச் சொல்ல இவருக்கு அதிகாரம் உண்டு; மீண்டும் தொடங்கச் சொல்லும் அதிகாரம் தொழில்நுட்பப் பொறுப்பாளருடையது. இயந்திர வாடகை பேசுவதிலும் பணம் வழங்குவதிலும் இவருக்குப் பங்கில்லை. இவர் ஊரில் இல்லாத நாளில் இன்னார் இவர் இடத்தில் இருப்பார். இருவரும் இல்லாத நாளில் தோண்டும் வேலை நடைபெறாது.”

இந்த மாதிரியில் ‘மேற்பார்வையிடுவார்’, ‘ஒருங்கிணைப்பார்’, ‘ஒத்துழைப்பார்’ என்ற சொற்கள் இல்லாததைக் கவனியுங்கள். அவை கேட்க நன்றாக இருக்கும். நடந்ததா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. அளவுப் புத்தகத்தில் பதிவு இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்த்துவிடலாம். அதேபோல், இன்னது இவருடைய வேலையில்லை என்ற வரியையும் மாற்று ஆள் பற்றிய வரியையும் விட்டுவிடாதீர்கள். தூர்வாரும் காலம் கோடையிலிருந்து வடகிழக்குப் பருவமழைக்கு முன்புவரை. அதே காலத்தில்தான் கோயில் திருவிழாக்களும் கல்யாணங்களும் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கையும் வருகின்றன. மாற்று ஆள் தேவைப்படாத பொறுப்பு எதுவும் இருக்காது.

நிறுத்தும் அதிகாரத்தைப் பற்றி மேலும் ஒரு குறிப்பு. அதைப் பலருக்குக் கொடுங்கள். தொடங்கும் அதிகாரத்தைச் சிலருக்கு மட்டும் கொடுங்கள். கரையில் விரிசல் தெரிந்தாலோ, டிப்பர் போகும் தெருவில் குழந்தைகள் விளையாடினாலோ, இருட்டிய பின் இயந்திரம் ஓடினாலோ, குழுவில் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்று எழுதி, இயந்திரக்காரரிடம் செய்யும் ஒப்பந்தத்திலும் அதைச் சேருங்கள். தவறான காரணத்துக்காக நிறுத்தினால் ஒரு மணி நேர வாடகை போகும், அவ்வளவுதான். ஆனால் மழைக்காக வேலையை முடித்துக்கொள்ளும் முடிவு வேறு வகை. அதற்கு ஒரு தேதியை முன்கூட்டியே போடுங்கள்: இந்த நாளுக்கு மேல் புதிதாகத் தோண்டுவதில்லை, அதற்குப் பிறகு கரையை இறுக்குவதும் மதகையும், மிகுதி நீர் வழிந்தோடும் கலங்கலையும் முடிப்பதும் மட்டுமே. அந்தத் தேதியைத் தள்ளிவைக்க வேண்டுமானால் யார் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதுங்கள். திறந்து கிடக்கும் மதகுப் பள்ளத்தோடு முதல் பெருமழையைச் சந்திக்கும் நிலை வந்தால், அந்த ஆண்டுச் சாகுபடியே கேள்விக்குறியாகிவிடும்.

ஆட்களைப் பொருத்தும்போது கேட்க வேண்டியது, அவரால் வாரத்தில் எத்தனை மணி நேரம் ஏரிக்கரையில் நிற்க முடியும் என்பது. சென்னையில் வேலை செய்துகொண்டு மாதம் ஒரு முறை ஊருக்கு வருபவர் எவ்வளவு ஆர்வமுள்ளவராக இருந்தாலும் அளவுப் பொறுப்புக்கு ஆக மாட்டார். நிறுவனத்துக்கு அறிக்கை எழுதுவது, அனுமதிக் கோப்புகளைத் தொகுப்பது போன்றவை அவருக்குச் சரியாக இருக்கும். பெயர்களைப் பொதுக் கூட்டத்தில் வாசித்து, யாரும் மறுக்காததால் ஒப்புக்கொண்டதாகக் கருதுவது கூடாது. சபையில் மறுப்புச் சொல்ல நம்மவர்கள் தயங்குவார்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, தன் பொறுப்பைத் தானே படித்துப் பார்த்து, முடியாத வரியை அடித்துவிடும் உரிமையைக் கொடுத்த பிறகு கையெழுத்து வாங்குங்கள். அடிக்கப்பட்ட வரிகளுக்கு வேறு ஆள் தேட வேண்டியிருக்கும். அது இப்போது தெரிந்துகொள்வது நல்லது.

தாள் ஒருமுறை எழுதி முடிந்துவிடுவதல்ல. வரத்துக்காலில் எதிர்பாராத பாலம் ஒன்று குறுக்கே வரும், ஒருவர் வெளிநாடு போவார், நிறுவனம் பணத்தை இரண்டு தவணையாகப் பிரிக்கும். மாற்றங்களை யார் எழுதலாம் என்று ஒருவரைக் குறித்து, ஒவ்வொரு திருத்தத்திலும் தேதி போடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர்கள் கட்டைவிரலை உயர்த்தினால் அது முடிவாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தகவலுக்கு அது போதும். பணம், ஆழம், மண் விநியோகம் ஆகிய மூன்றிலும் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தானதே முடிவு என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, இயந்திரங்கள் போன பிறகு வருபவை. இதைத் திட்டமிடும்போதே எழுதாத குழுக்களே அதிகம். கடைசித் தவணை வந்ததும் குழு கலைந்துவிடுகிறது, இரண்டு மழைக்குப் பின் வரத்துக்காலில் மீண்டும் கருவேலம் நிற்கிறது. வரத்துக்காலை ஆண்டுதோறும் மழைக்கு முன் யார் சுத்தம் செய்வது, மதகுத் திருகுக்கு எண்ணெய் இடுவது யார், அதற்கான செலவு எங்கிருந்து வரும், முதல் நிறைப்பின்போது கரையை இரவும் பகலும் பார்ப்பவர்கள் யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பெயரோ அமைப்போ வேண்டும். உங்கள் ஏரிக்கு, பாசன அமைப்புகளை உழவர்களே மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால், அதன் தலைவரை இன்றே குழுவின் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பின் ஒப்படைக்கப் போனால், தன்னைக் கேட்காமல் செய்ததை அவர் ஏன் ஏற்க வேண்டும்? சங்கம் இல்லாத ஊரில் ஊராட்சியும் ஆயக்கட்டுதாரர்களும் நீர்க்கட்டியும் சேர்ந்து இதைப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும். நீர்க்கட்டிக்கு அறுவடையில் தரும் பங்கு நின்றுபோயிருந்தால், அதற்கு மாற்றாக அவருக்கு என்ன தருவது என்பதையும் அந்தப் பேச்சிலேயே முடிவு செய்யுங்கள்.

நிறுவனத்துக்கு இப்போது அனுப்ப வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பக்கத்தில் முடிவுகளின் பட்டியலும் எதிரே ஒற்றைப் பெயர்களும். இரண்டாம் பக்கத்தில் அனுமதி தர வேண்டிய அலுவலகங்களும் அவற்றோடு பேசும் குழு உறுப்பினர்களும். மூன்றாம் பக்கத்தில் அறக்கட்டளையோடு செய்துகொண்ட உடன்பாடு. அவற்றுக்குப் பின்னால் ஒவ்வொருவரின் பொறுப்பு விளக்கமும் கையொப்பமும். இன்னும் பெயர் கிடைக்காத கேள்விகளை மறைக்காமல், எந்தத் தேதிக்குள் நிரப்புவோம் என்ற குறிப்போடு வெற்றிடமாகவே விடுங்கள். முதல் பக்கத்தின் படியை ஊராட்சி அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள்.